கெரண்டி

ஒன்பதாம் நாள் சோறு வேகவில்லை.
சிவப்பு விளக்கு எரிந்தபடிதான் இருந்தது,
அரிசி பச்சைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது.
ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.
தீவாளி அட்வான்ஸில் வாங்கியது.
குக்கர் செத்துவிட்டது. மாதாமாதம் சம்பளத்தில்
கழிப்பு மட்டும் உயிரோடு இருக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் பெட்டியோடு போனேன்.
கடைக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை.
"லயத்துக் கரண்ட் ஏறி இறங்கும், அதுக்கு நாங்க என்ன செய்ய?"
எங்கள் காம்பராவுக்குள் வந்து பார்த்தவர்போலச் சொன்னார்.
தலைக்குமேல் மூன்று மொழியில் ஒரு பலகை:
விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது.
தமிழில் மட்டும் பொருளுக்கு
வல்லின 'று' போட்டிருந்தார்கள்.

கெரண்டி இருக்கு என்றீர்களே, என்றேன்.
பில்லைக் கேட்டார். நீட்டினேன்.
வெறும் வெள்ளைத் தாள்.
எழுத்தெல்லாம் பனியோடு போயிருந்தது.
பெட்டிக்குள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு கரண்டி இருந்தது.
கெரண்டிதான் இல்லையாம்.

திரும்பும் பஸ்ஸில் மடியில் பெட்டி.
பக்கத்துச் சீட்டில் கொழும்புத் துணிக்கடையில் நிற்கிற பிள்ளை,
எட்டுச் செலவுக்கு வந்தவள், பேர் சுகந்தமாலா.
"அந்தப் பலகையே வைக்கக் கூடாதுக்கா" என்று
என் கையில் பேனாவால் எழுதினாள்:
ஒன்று ஒன்பது ஏழு ஏழு.

எங்கள் வீட்டில் இதை எழுதிவைக்கத் தேவையில்லை.
அந்த வருஷம் அப்பா
தேயிலைக்குள் மூன்று இரவு படுத்துக் கிடந்தார்.
சித்தப்பா வவுனியாவுக்குப் போனார், போனவர்தான்.
மூன்றாவது இலக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அழுத்தினேன்.

நுவரெலியா ஒபிஸில் ஹேரத் மாத்தயா
சிங்களப் படிவத்தைத் தந்தார்.
தமிழில் கேட்டேன்.
மூன்று லாச்சி திறந்தார். மூன்றாவதில்,
பிஸ்கட் டின்னுக்கு அடியில், இருந்தது.
'முறைப்பாட்டாளரின் பெயர்' என்று முதல் வரி.
செக்றோலில் நான் முந்நூற்றுப் பதினாறு.
என் பேரை முழுசாக எழுத
அந்தக் கோடு போதவில்லை.

பில்லுக்கு என்ன செய்தேன் என்றால்,
வாங்கிய அன்று மகன் எடுத்த போட்டோ இருந்தது,
அவனுடைய அப்பாவுக்கு அனுப்பியது:
குக்கருக்குச் சந்தனப் பொட்டு,
மூடிமேல் பில், ஓர் எழுத்தும் குறையாமல்.

விசாரணை நாளன்று
கடைக்காரர் புதுப் பெட்டியோடு வந்து
கையெழுத்துப் போடச் சொன்னார்.
பிளக்கைக் குத்துங்க, என்றேன்.
கைலேஞ்சியில் முடிந்து வந்த அரைச் சுண்டு அரிசியைக் கொட்டினேன்.
இருபத்தாறு நிமிஷம்.
கடைக்காரர் நின்றார். பியோன் எட்டிப் பார்த்தார்.
ஹேரத் மாத்தயா கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு மூடியை,
பிறகு கடைக்காரரை.
ஒபிஸெல்லாம் சோற்று வாசம்.
பழைய பெட்டிக் கரண்டியால் கிளறிக் காட்டிவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் பேர் போச்சு, பஸ் காசு வேறு.
நட்டம்தான் என்று மகன் கூட்டிக் காட்டினான்.
காட்டட்டும்.

எழும்பும்போது மாத்தயாவிடம் ஒன்று கேட்டேன்.
கொழுந்துத் தராசுக்கு எங்கே எழுதுவது?
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு,
வெயில் காய்கிற மாசியிலும் ஈரம்.
பேனாவை மூடினார்.
அது தங்கள் பகுதி இல்லை என்றார்,
கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் நிறுவை.
சாக்கு கொக்கியில் ஏறியதுமே
"பதினாறு" என்று கணக்கப்பிள்ளை எழுதப் போனார்.
முள் ஆடிக்கொண்டிருந்தது.
"நிக்கட்டும்," என்றேன்.
சாக்கில் கை வைக்கவில்லை.
"மழை வருது, சுருக்கா" என்று பின்னால் யாரோ.
"அவ சொல்றது சரிதானே" என்று இன்னும் யாரோ.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.